கிண்டிக் காடும் நுங்கம்பாக்கத்து வானமும்

(சென்னை வாரத்தையொட்டி அடையாறில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் ஒரு வேண்டுகோளோடு வந்திருக்கிறேன். கிண்டி தேசியப் பூங்காவின் வாசலில், மாதத்துக்கு ஒரு மாலை, அந்த மண்ணின் வரலாற்றையும் அதற்கு மேலே விரிந்திருக்கும் வானத்தையும் சேர்த்து மக்களுக்குக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று நடக்க வேண்டும். அது தமிழில் நடக்க வேண்டும். கட்டணம் இல்லாமல் நடக்க வேண்டும். ஏன் வேண்டும், ஏன் கிண்டியில் வேண்டும், எப்படி நடத்தினால் காட்டுக்குத் தீங்கு வராது என்பதை இந்த ஒரு மணி நேரத்தில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் காட்டைப் பற்றி. அடையாறு, வேளச்சேரி, கோட்டூர்புரம், சைதாப்பேட்டை என்று நான்கு புறமும் வீடுகள் நெருக்கி நிற்க, நடுவில் சுமார் 270 ஹெக்டேர் காடு இருக்கிறது. இது யாரோ நட்டு வளர்த்த தோட்டம் இல்லை. சோழமண்டலக் கரை நெடுக ஒரு காலத்தில் இருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சம். களாவும் காரையும் பனையும் ஆலும் வேம்பும் அங்கே இருக்கின்றன. புள்ளிமான், வெளிமான், நரி, மரநாய், ஆந்தை எல்லாம் இருக்கின்றன. கத்தான்கொல்லை என்றும் அப்பளங்குளம் என்றும் பெயர் கொண்ட நீர்நிலைகள் இருக்கின்றன.

இந்தக் காட்டின் கதை பெரும்பாலும் கைமாறிய கதை. 17-ஆம் நூற்றாண்டில் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்த ஆங்கிலேய ஆளுநர் ஒருவருக்கு இங்கே ஒரு தோட்ட மாளிகை எழுந்தது. இன்றைய ஆளுநர் மாளிகையின் தொடக்கம் அதுதான். சுற்றியிருந்த காடு வேட்டைக்காடாக இருந்தது. 1821-இல் அரசாங்கம் அதைத் தனியார் ஒருவரிடமிருந்து 35,000 ரூபாய்க்கு வாங்கியது. 1910-இல் 505 ஹெக்டேர் பரப்பு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. பிறகு பங்கு பிரிப்பு தொடங்கியது. 1950-களின் இறுதியில் பெரும்பகுதி ஐ.ஐ.டி.க்குப் போனது. சிறுவர் பூங்கா வந்தது. காந்தி மண்டபம் 1956-இல் திறக்கப்பட்டது. 1970-களில் ராஜாஜிக்கும் காமராஜருக்கும் நினைவகங்கள் எழுந்தன. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில், 1972-இல், ரோமுலஸ் விட்டேக்கரின் பாம்புப் பண்ணை இங்கே குடிவந்தது. எல்லாம் போக எஞ்சியதை 1978-இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள்.

நான் யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. பள்ளியும் கல்லூரியும் நினைவகமும் ஊருக்கு வேண்டியவைதான். ஆனால் 505 எப்படி 270 ஆனது என்று தெரிந்த ஊர்தான் 270-ஐ 260 ஆக விடாமல் பார்த்துக்கொள்ளும். வரலாற்றுப் பேச்சின் முதல் பயன் இது. மானைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்குக் காடு அழகாக இருக்கும். காட்டின் கதையைக் கேட்டுவிட்டுப் போகிறவருக்கு அது தன்னுடையதாகிவிடும்.

சரி, காட்டின் வாசலில் நட்சத்திரத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அதற்கு விடை தேடி நுங்கம்பாக்கம் போக வேண்டும்.

கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு மையம் இருக்கிறதல்லவா, மழைக்காலத்தில் தொலைக்காட்சிக்காரர்கள் வரிசை கட்டி நிற்பார்களே, அந்த வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. பதினைந்தடி உயரம். அதன் உடம்பில் தமிழ் எழுத்து இருக்கிறது, தெலுங்கு எழுத்து இருக்கிறது, வேறு மொழி எழுத்துகளும் இருக்கின்றன. 1792 என்ற ஆண்டு இருக்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்து வருகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தோடு வெட்டிய எழுத்துகள் அவை. வானை அளக்கும் கருவி ஒன்றை இம்மியும் அசையாமல் தாங்குவதற்காக நட்ட தூண் அது. இந்தியாவில் ஐரோப்பிய முறையில் அமைந்த முதல் நிலையான வான்நோக்ககம், மெட்ராஸ் அப்சர்வேட்டரி, அங்கேதான் இருந்தது. வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 1786-இல் எழும்பூரில் தன் வீட்டில் வைத்திருந்த கருவிகளே அதன் வித்து. மைக்கேல் டாப்பிங் என்பவர் நுங்கம்பாக்கத்தில் கட்டடத்தை எழுப்பினார்.

அதே டாப்பிங் இரண்டு ஆண்டு கழித்து, 1794-இல், 8 மாணவர்களை வைத்து ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கினார். அந்தப் பள்ளி வளர்ந்து வளர்ந்து பொறியியல் கல்லூரியாகி, 1920-இல் கிண்டிக்கு வந்தது. இன்று காட்டுக்கு எதிரே சர்தார் படேல் சாலையில் நிற்கும் கிண்டிப் பொறியியல் கல்லூரிதான் அது. வானத்தை அளந்த கையே நிலத்தை அளக்கவும் சொல்லிக்கொடுத்தது. அந்தப் பாடசாலை கடைசியில் வந்து சேர்ந்த இடம் இந்தக் காட்டோரம்.

இன்னும் நெருக்கமான தொடர்பு ஒன்று உண்டு. ஜான் கோல்டிங்காம் என்ற வானியலாளர் டாப்பிங்குக்குப் பின் அப்சர்வேட்டரியை நடத்தினார். ஒலி எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. புனித ஜார்ஜ் கோட்டையில் பீரங்கி சுடுவார்கள். பரங்கிமலையிலும் சுடுவார்கள். நுங்கம்பாக்கத்தில் ஆட்கள் கடிகாரத்தோடு காத்திருப்பார்கள். வெளிச்சம் கண்ணில் பட்டதும் எண்ணத் தொடங்கி, சத்தம் காதில் விழுந்ததும் நிறுத்துவார்கள். பரங்கிமலை அங்கிருந்து சுமார் 9 கிலோமீட்டர். சத்தம் வந்து சேர 26 வினாடிக்குப் பக்கம் ஆகும். நாள் விடாமல் குறித்து வைத்ததில், வெப்பமும் ஈரமும் மாறும்போது ஒலியின் வேகமும் மாறுவது தெரிந்தது. 1820-களில் இலண்டன் ராயல் சொசைட்டி அதை அச்சிட்டது. உலகத்துக்குப் போன அந்த முடிவைத் தந்த சத்தம் எந்த வழியாக வந்தது என்று ஒரு கோடு போட்டுப் பாருங்கள். பரங்கிமலையில் கிளம்பி, கிண்டியைத் தொட்டு, சைதாப்பேட்டையைத் தாண்டி, இன்றைய தியாகராய நகருக்கு மேலே போயிருக்கிறது. அன்றைக்குத் தி.நகர் கிடையாது. அங்கே நீண்ட பெரிய ஏரி இருந்தது. 1920-களில்தான் ஏரியை வற்றவைத்து நகர் அமைத்தார்கள். மாம்பலத்தில் இருக்கும் ஏரிக்கரைச் சாலைக்கு ஏன் அந்தப் பெயர் என்று பாண்டி பஜாரில் துணி எடுக்கப் போகும் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தத் தண்ணீரின் மேல்தான் பீரங்கிச் சத்தம் போனது.

நில அளவையும் இங்கே பக்கத்தில்தான் தொடங்கியது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளக்க ஆரம்பித்தார். சுமார் 12 கிலோமீட்டர் நீளம். இமயம் வரை நீண்ட பெருந்திரிகோண அளவையின் தொடக்கக் கோடுகளில் அது ஒன்று. அந்த அளவைக்குத் தீர்க்கரேகைக் கணக்கு நுங்கம்பாக்கத்து அப்சர்வேட்டரியிலிருந்து போனது. இந்தியாவின் வரைபடத்தில் ஒவ்வோர் ஊரும் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு, சென்னையிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்பதே முதல் பதிலாக இருந்தது.

சென்னை எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இங்கேதான் வானம் வருகிறது. வியாழனைச் சுற்றி நான்கு பெரிய நிலாக்கள் ஓடுகின்றன. அவை வியாழனின் நிழலுக்குள் புகுந்து மறையும். அந்தக் கிரகணம் கிரீன்விச்சில் பார்த்தாலும் சென்னையில் பார்த்தாலும் ஒரே கணத்தில்தான் நடக்கும். ஆனால் உள்ளூர்க் கடிகாரங்கள் வேறு வேறு மணி காட்டும். அந்த வித்தியாசமே தீர்க்கரேகை. கோல்டிங்காம் அப்படிப் பல கிரகணங்களைப் பார்த்துக் கணக்கிட்டார். சென்னை ஏறத்தாழ 80 பாகை 15 கலை கிழக்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். பெருக்கிப் பாருங்கள் பிள்ளைகளே, 5 மணி 21 நிமிடம் வரும். அதுதான் மெட்ராஸ் டைம். இந்தியா முழுக்க ரயில்கள் பல ஆண்டுகள் அந்த நேரத்தில்தான் ஓடின. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணிக் கணக்கு வந்தது. அதனால்தான் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது, சராசரியாகப் பார்த்தால், கடிகாரத்தில் 12 அடித்து 9 நிமிடம் கழித்து.

இதைச் சொன்னதும் எனக்கு ஒரு மாலை நினைவுக்கு வருகிறது. பெசன்ட் நகர்க் கடற்கரையில் நண்பர்கள் சிலர் ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்றை வைத்து வியாழனைக் காட்டிக்கொண்டிருந்தோம். சுண்டல் விற்கும் ஓர் அம்மா தூக்கை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

"இன்னா சார் பாக்குறீங்க?"

"வியாழன்மா. வாங்க, நீங்களும் பாருங்க."

குனிந்து பார்த்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "நடுவுல உருண்டை. பக்கத்துல பொட்டு பொட்டா நாலு. இதுங்க எப்பவும் இப்டியேதான் நிக்குமா?"

"இல்லம்மா, சுத்திக்கிட்டே இருக்கும். வியாபாரம் முடிச்சிட்டு வாங்க, இடம் மாறியிருக்கும்."

நிஜமாகவே வந்தார். இரண்டு மணி நேரம் கழித்து, காலித் தூக்கோடு. பார்த்தார். "இந்தாண்ட இருந்தது கிட்ட வந்துட்ச்சே!" என்றார்.

நண்பர்களே, 1610-இல் இத்தாலியில் கலிலியோ கண்டது அதைத்தான். நுங்கம்பாக்கத்தில் சென்னையின் இடத்தைக் குறித்துக் கொடுத்ததும் அந்த நிலாக்களின் ஓட்டம்தான். "எப்பவும் இப்டியேதான் நிக்குமா" என்பது முதல்தரமான அறிவியல் கேள்வி. அந்த அம்மாவை யாரும் எந்த ஆய்வகத்துக்கும் அழைத்ததில்லை. கருவியைத் தெருவுக்குக் கொண்டுபோனதால் கேள்வி வந்தது. அன்று அவரிடம் அப்சர்வேட்டரியின் கதையையும் சொல்ல முடிந்திருந்தால், அவர் நின்ற ஊரே அந்த நிலாக்களால் அளக்கப்பட்டது என்று சொல்ல முடிந்திருந்தால், அந்த மாலை இன்னும் நிறைந்திருக்கும். வரலாறும் வானமும் ஒரே மேடைக்கு வர வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். கதை மட்டும் கேட்டால் பெயரும் ஆண்டும் மனதில் தங்குவது கடினம். நட்சத்திரம் மட்டும் பார்த்தால் அழகு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அது அறிவாகி நிற்கும்.

இந்த வேலையை முதலில் செய்தவர் நம்மவர் ஒருவர். அவர் பெயரை நீங்கள் எல்லோரும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்தவர். இளம் வயதில் அப்சர்வேட்டரியில் உதவியாளராகச் சேர்ந்து முதல் உதவியாளர் நிலைக்கு உயர்ந்தார். 1867 ஜனவரியில் தெற்கு வானத்தில், ரெட்டிகுலம் என்ற சிறு விண்மீன் கூட்டத்தில், ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீனை அடையாளம் கண்டார். ஆர் ரெட்டிகுலி என்று இன்றும் வானியல் பட்டியல்களில் இருக்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் அது தெற்கு அடிவானத்திலிருந்து 14 பாகைக்கு மேல் ஏறாது. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒன்றரை முஷ்டி உயரம். அவ்வளவு தாழ்வில் இருக்கும் மங்கலான புள்ளி ஒன்றை நுங்கம்பாக்கத்திலிருந்து இராக்கண் விழித்துத் தொடர்ந்து பார்த்தார் என்றால், அந்தக் கவனத்தையும் நினையுங்கள், அன்றைய நுங்கம்பாக்கத்து இருட்டையும் நினையுங்கள். 1872-இல் இலண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. அந்தக் கழகத்தில் அப்படி இடம்பெற்ற முதல் இந்தியர் அவர்.

அவர் அதோடு நிற்கவில்லை. 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடக்கப்போகிறது என்றதும், அது என்ன, ஏன் நடக்கிறது, அதிலிருந்து சூரியனின் தூரத்தை எப்படிக் கணக்கிடலாம் என்று விளக்கிக் கையேடு எழுதினார். ஆங்கிலத்தில் மட்டும் எழுதவில்லை. இந்திய மொழிகள் பலவற்றிலும் வெளியிட்டார். பொதுமக்கள் முன் உரையாற்றினார். பழைய வாக்கியக் கணக்குக்கும் கண்ணால் காணும் வானத்துக்கும் இடையே விழுந்திருந்த இடைவெளியைச் சரிசெய்து திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டார். நம் நாட்டவர் கருவிகளைக் கையாண்டு பழக ஒரு வான்நோக்ககம் வேண்டும் என்று கேட்டார். அது நடக்கும் முன்னால், 1880-இல், காலமானார். கருங்கல் தூணில் அவர் பெயர் கிடையாது. கல்லில் இல்லாத பெயரைச் சொல்லில் வைத்துக் காப்பதுதான் பொது மேடையின் கடமை.

அவர் பணியாற்றிய காலத்தில் அப்சர்வேட்டரியின் தலைவராக இருந்தவர் நார்மன் போக்சன். 1861-இல் சென்னைக்கு வந்தார், வந்த சில வாரங்களிலேயே ஒரு சிறுகோளைக் கண்டு அதற்கு ஏசியா என்று பெயரிட்டார். 1891-இல் இறக்கும் வரை இந்த ஊரிலேயே இருந்தார். அவர் மகள் ஐசிஸ் போக்சன் 1873 முதல் பல ஆண்டுகள் அங்கே கணக்குகளையும் பதிவுகளையும் பார்த்துக்கொண்டார். விண்மீன்களின் ஒளியை அளக்க உலகம் இன்றும் பயன்படுத்தும் அளவுகோலைப் போக்சன்தான் 1856-இல் வகுத்தார். எண் குறையக் குறைய ஒளி கூடும். 5 தரம் வித்தியாசம் என்றால் ஒளியில் 100 மடங்கு வித்தியாசம்.

அந்த அளவுகோலை எடுத்து இன்றைய சென்னை வானத்தில் வைத்துப் பார்ப்போம். நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கு 6-ஆம் தரம் வரை தெரியும். முழு வானத்தையும் சேர்த்தால் சுமார் 5,000 விண்மீன்கள். அதில் பாதி நம் தலைக்கு மேல், மீதி அடிவானத்துக்குக் கீழ். தி.நகரின் உஸ்மான் சாலையில் நின்று பார்த்தால் 3-ஆம் தரம் தெரிவதே பெரிது. 3-ஆம் தரம் வரை முழு வானத்திலும் இருநூறுக்கும் குறைவான விண்மீன்களே உண்டு. அதாவது ரகுநாதாச்சாரியின் அண்டைவீட்டுக்காரர் முற்றத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்த வானத்தில், நம் பிள்ளைகளுக்கு மிஞ்சியது இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இல்லை. இது விதியால் நடந்ததில்லை. மேல்நோக்கி வெளிச்சம் வீசும் விளக்கால் நடந்தது. கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை எல்இடியால் நடந்தது. கடை சாத்திய பிறகும் எரியும் விளம்பரப் பலகையால் நடந்தது. அதனால் திருத்தவும் முடியும்.

தென்சென்னையை இரவு நேரத்தில் மேலிருந்து எடுத்த படத்தில் பார்த்தால், வெளிச்சக் கடலுக்கு நடுவே கருப்பாக ஒரு திட்டு தெரியும். கிண்டிக் காடு, ஆளுநர் மாளிகை, ஐ.ஐ.டி. மூன்றும் ஒட்டிக் கிடக்கும் இடம் அது. அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டி, 1882 முதல் பிரம்மஞான சபை காத்துவரும் தோப்பு இன்னொரு திட்டு. ஊருக்கு நடுவே இருட்டு என்று எஞ்சியிருப்பது இவ்வளவுதான். அந்த இருட்டில் மான் மேய்கிறது, ஆந்தை இரை தேடுகிறது, மரநாய் கிளை தாண்டுகிறது. காட்டைக் காப்பது என்றால் மரத்தை மட்டும் காப்பதில்லை, அதன் இரவையும் காப்பது.

வானத்தை நாம் முழுக்க மறந்துவிட்டோம் என்று சொல்லமாட்டேன். மயிலாப்பூரில் இருப்பவர்களுக்குத் தெரியும். தைப்பூசத்தை ஒட்டி மூன்று இரவுகள் கபாலீசுவரர் கோயில் குளத்தில் தெப்பம் மிதக்கும்போது, முழுநிலா பூச நட்சத்திரத்தின் பக்கத்தில் நிற்கிறது. பங்குனிப் பௌர்ணமியை ஒட்டித்தான் அறுபத்துமூவர் வலம் வருகிறார்கள். மார்கழியில் திருவாதிரை, கார்த்திகையில் கார்த்திகை. நம் விழா நாட்கள் எல்லாம் வானத்தைப் பார்த்து வைத்தவை. நாளைச் சொல்கிறோம், நட்சத்திரத்தைக் காட்டத்தான் விட்டுவிட்டோம். ஊரூர் குப்பத்து மீனவப் பெரியவர்களிடம் கேளுங்கள். கச்சான், கொண்டல், வாடை என்று காற்றுக்குப் பெயர் சொல்வார்கள், விடிவெள்ளி எழும் நேரத்தைச் சொல்வார்கள். அவர்களும் நம் மேடையில் பேச வேண்டியவர்கள்தான். அதே மயிலாப்பூரில், எட்வர்ட் எலியட்ஸ் சாலை என்றிருந்த இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில், ஒரு வீட்டில் வளர்ந்த பையன்தான் விண்மீன்கள் எப்படி முடிகின்றன என்று கணக்குப் போட்டு 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். மாநிலக் கல்லூரியில் படித்தவர்.

நம் இடத்துக்கு இன்னொரு பேறு உண்டு. நாம் 13 பாகை வடக்கே இருக்கிறோம். அதனால் துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்துக்கு 13 பாகை மேலே நிற்கும். மே மாத முற்பகுதியில் இரவு 9 மணி வாக்கில் தெற்கே திரும்பினால் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். இலண்டனில் இருப்பவருக்குத் தென்சிலுவை கிடையாது. சிட்னியில் இருப்பவருக்குத் துருவ நட்சத்திரம் கிடையாது. நமக்கு இரண்டும் ஒரே இரவில் கிடைக்கின்றன. பிப்ரவரி மாலைகளில் தெற்கே பளிச்சென்று எழும் அகத்திய நட்சத்திரத்தை நகர வெளிச்சத்திலும் காட்டலாம்.

இரவில் மக்களைக் கூட்டிப்போய் இயற்கையைக் காட்டுவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 1970-களின் தொடக்கத்திலேயே பாம்புப் பண்ணையைச் சேர்ந்த இளைஞர்கள் கடற்கரையில் ஆமை முட்டைகளைத் தேடி இரவு முழுக்க நடந்தார்கள். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் அந்த நடையைத் தொடர்கிறார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, ஜனவரி முதல் சில மாதங்கள். வார இறுதிகளில் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். முதலில் உட்காரவைத்து ஆமையின் கதையைச் சொல்வார்கள். பிறகு நடை. கையில் விளக்கு அடிக்கக் கூடாது, கத்தக் கூடாது. பொரித்து வரும் குஞ்சு வெளிச்சமான திசையை நோக்கி ஓடும். இயற்கையான இரவில் அது கடலின் திசை. நம் தெருவிளக்கு அதைச் சாலைக்கு இழுத்துவிடுகிறது. இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர் வீட்டு மொட்டைமாடி விளக்கைத் தேவையில்லாமல் எரியவிடமாட்டார். பேச்சு, பிறகு காட்சி, இரண்டுக்கும் ஒழுங்கு. நமக்கு வேண்டிய முன்மாதிரி அடுத்த தெருவிலேயே இருக்கிறது.

வெளியேயும் பார்ப்போம். அமெரிக்காவில் ஜான் டாப்சன் என்பவர் 1968 முதல் சான் பிரான்சிஸ்கோ நடைபாதையில் தொலைநோக்கி வைத்து வழிப்போக்கர்களுக்கு வானம் காட்டினார். தேசியப் பூங்கா ஒன்றில், வானம் பூங்காவைச் சேர்ந்தது இல்லையே என்று காவலர் தடுத்தபோது, பூங்காதான் வானத்தைச் சேர்ந்தது என்று பதில் சொன்னதாகச் சொல்வார்கள். நியூ மெக்சிகோவில் ஆல்புகர்க்கி நகர ஓரத்தில் வாயே டி ஓரோ என்றொரு காட்டுயிர்ப் புகலிடம் இருக்கிறது. பரப்பு சுமார் 230 ஹெக்டேர், நம் கிண்டியைவிடச் சிறிது. நகரத்துக்குள் இரவைக் காக்கும் இடம் என்ற சர்வதேசச் சான்றை உலகில் முதலில், 2019-இல், பெற்றது அதுதான். இந்தியாவில் லடாக்கின் ஹான்லேவும், மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகமும் இருள்வானத்துக்காகப் பெயர் பெற்றுவிட்டன. கொல்லிமலையில் இருள்வானப் பூங்கா அமைப்பதாக நம் அரசும் அறிவித்திருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் கொல்லிமலைக்குப் போக இயலாத பிள்ளைகள் சைதாப்பேட்டையிலும் கண்ணகி நகரிலும் இருக்கிறார்கள். அவர்கள் பேருந்தில் ஏறி வந்துசேரக்கூடிய இடத்தில் வானம் காட்டினால்தான் அது பொது.

இனி, எப்படி நடத்துவது. காட்டுக்குள்ளே கூட்டம் போகக் கூடாது. இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. பொழுது சாய்ந்த பிறகு காடு விலங்குகளுக்குரியது, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. வாசலும் ஓரமும் நமக்குப் போதும். காந்தி மண்டபம் சாலையில் 1988 முதல் பிர்லா கோளரங்கம் இருக்கிறது. அதன் பக்கத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. எதிர்ப்புறம் பொறியியல் கல்லூரியும் பல்கலைக்கழகமும். கோளரங்கத்தார் ஏற்கெனவே தொலைநோக்கி வைத்து வானம் காட்டுகிறார்கள். 2012-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோதும் 2019 சூரிய கிரகணத்தின்போதும் மக்கள் அங்கே திரண்டார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் பல்லாண்டுகளாக இந்த வேலையில் இருக்கின்றன. வரலாற்று நடைகளுக்கு 2004 முதல் சென்னை வாரம் ஒரு பழக்கத்தை உண்டாக்கியிருக்கிறது, அதற்கு எஸ். முத்தையா அவர்களை நன்றியோடு நினைக்கிறேன். இவர்கள் எல்லோரும் வனத்துறையோடு ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும்.

மாலை நான்கரைக்குப் பிள்ளைகள் பூங்காவைச் சுற்றிப் பார்க்கட்டும். பூங்கா அடைத்ததும் வெளியே வந்து, ஐந்தரைக்கு நூலக முற்றத்தில் ஒருவர் முக்கால் மணி நேரம் வரலாறு பேசட்டும். ஒரு மாதம் காட்டின் கதை, அடுத்த மாதம் அப்சர்வேட்டரி, பிறகு மாம்பலம் ஏரி, பிறகு 1876-இல் தொடங்கிய பெரும்பஞ்சம். அந்தப் பஞ்சத்துக்குப் பின்தான் சூரியனைக் கவனித்து மழையை முன்னறிய முடியுமா என்ற கேள்வி வலுத்தது. அந்தத் தேடலில்தான் 1899-இல் கொடைக்கானல் வான்நோக்ககம் எழுந்தது. பேச்சு முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டுத் தொலைநோக்கி. வளர்பிறை சப்தமி, அஷ்டமி நாட்களை வைத்துக்கொண்டால் நிலவின் பள்ளங்கள் நிழலோடு துல்லியமாகத் தெரியும். தை முதல் சித்திரை வரை வானம் தெளிந்திருக்கும். ஆவணியிலும் ஐப்பசியிலும் மேகம் மறைக்கும், அந்த மாதங்களில் பேச்சை நீட்டிக்கொள்ளலாம். ஒலிபெருக்கி வேண்டாம். சிவப்புத் தாள் ஒட்டிய கைவிளக்கு போதும். எட்டரைக்கு எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும்.

காட்டைச் சுற்றிக் குடியிருப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். மதில் விளக்குக்கு ஒரு மூடி போடுங்கள், வெளிச்சம் தரையில் விழட்டும். வெள்ளைக்குப் பதில் மஞ்சள் ஒளி வையுங்கள். மாநகராட்சியிடம் தெருவிளக்குக்கும் இதையே கேளுங்கள். வெளிச்சம் தரையில் சரியாக விழுந்தால் பெண்களும் முதியவர்களும் இன்னும் பாதுகாப்பாக நடக்கலாம். வீணாக மேலே போவதைத்தான் தடுக்கச் சொல்கிறேன்.

ஆசிரியர்களே, உங்கள் வகுப்பைக் கூட்டி வாருங்கள். இளைஞர்களே, வானம் காட்டவும் கதை சொல்லவும் பழகிக்கொள்ளுங்கள். தமிழில் பழகிக்கொள்ளுங்கள்.

நம் மக்களுக்கென்று ஒரு வான்நோக்ககம் வேண்டும் என்று ரகுநாதாச்சாரி கேட்டு ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆகின்றன. இன்று இடம் இருக்கிறது, கருவி இருக்கிறது, சொல்வதற்குக் கதை இருக்கிறது, சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். முதல் மாலைக்குத் தேதி குறிப்பது ஒன்றுதான் பாக்கி. வருகிற தை மாதத்து வளர்பிறை அஷ்டமிக்கு அதைக் குறிப்போம் என்று இந்த அவையைக் கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்துத் தாள் வாசலில் இருக்கிறது. போகும்போது உங்கள் பெயரையும், அந்த மாலையில் நீங்கள் எந்த வேலையை ஏற்பீர்கள் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.